கடமானுக்கு எந்த அம்பு? எடைக் கணக்கும் வெட்டுமுனையும்

வில்வித்தைத் திடலில் பழகிய நம் ஜொகூர் இளைஞர்கள் சிலர், படிப்புக்கோ வேலைக்கோ ஆஸ்திரேலியா போன பிறகு, அங்கே உரிமம் எடுத்தால் வில்லாலும் மான் வேட்டையாடலாம் என்று கேள்விப்பட்டு ஆர்வம் கொள்கிறார்கள். கையில் வில் இருக்கிறது, அம்பும் இருக்கிறது, முனையை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. அது சரிவராது. திடலில் அட்டையைத் துளைக்கும் அம்பும் 200 கிலோ மிருகத்தை வீழ்த்தும் அம்பும் வேறு வேறு. தவறான அம்போடு போனால் மான் அந்த இடத்தில் விழாது. அம்பைச் சுமந்துகொண்டு ஓடி, எங்கோ புதருக்குள் பல நாள் துடித்துச் சாகும். எய்தவருக்கு மாமிசமும் கிடைக்காது, நிம்மதியும் இருக்காது.

அதற்கு முன் நம் ஊர்ச் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். தீபகற்ப மலேசியாவில் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் நடப்பில் இருக்கிறது. கடமானையும் (மலாயில் ரூசா) கேளையாட்டையும் (கீஜாங்) வேட்டையாட உரிமம் தருவது பல ஆண்டுகளாகவே நிறுத்தி வைக்கப்பட்டுள்ளது. காரணம் எளிது. கடமான் புலியின் இரை. மலாயாப் புலிகள் காட்டில் இப்போது 150க்கும் குறைவு. அவற்றில் சில நம் எண்டாவ் ரொம்பின் காடுகளில் இருக்கின்றன. மான் தீர்ந்தால் புலியும் தீரும். 2022இல் செய்த திருத்தத்தின்படி கடுமையான குற்றங்களுக்கு அபராதம் 10 லட்சம் வெள்ளி வரை, சிறை 15 ஆண்டு வரை போகும். ஆகவே மெர்சிங், கோத்தா திங்கி, சிகாமட் பக்கம் செம்பனைத் தோட்டத்து ஓரத்தில் மான் நடமாட்டம் தெரிகிறது என்று வில்லைத் தூக்கிக்கொண்டு யாரும் போக வேண்டாம். பன்றிக்கு என்று வைக்கிற கம்பிக் கண்ணியும் அதே சட்டத்தில் மாட்டிவிடும். தமிழ்நாட்டு உறவினர் வீட்டுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி மான் வேட்டை தடை. பிரிட்டனில் துப்பாக்கிக்கு உரிமம் உண்டு, ஆனால் வில்லால் வேட்டையாடவே கூடாது.

ஆக, இந்தக் கட்டுரை வெளியூரில், உரிமத்தோடு, சட்டப்படி வேட்டைக்குப் போகிறவர்களுக்கு. உதாரணத்துக்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே திரிகிற கடமானும் நம் காட்டுக் கடமானும் ஒரே இனம்தான். 1860களில் வெள்ளைக்காரர்கள் இலங்கையிலிருந்தும் மற்ற இடங்களிலிருந்தும் கப்பலில் கொண்டுபோய் விட்டவற்றின் வாரிசுகள் அவை. தமிழ்நாட்டில் இதை மிளா என்றும் சொல்வார்கள். இங்கே அரிதாகிப்போன மிருகம் அங்கே பல்கிப் பெருகி, பயிருக்கும் காட்டுக்கும் தொல்லையாகிவிட்டது. பெயரில் ஒரு குழப்பம் உண்டு. நாம் ரூசா என்றால் கடமானைச் சொல்கிறோம். ஆஸ்திரேலியர்கள் ரூசா என்பது ஜாவா தீவு மானை. இரண்டும் வேறு வேறு மான்கள், குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அம்பு எப்படிக் கொல்கிறது?

துப்பாக்கிக் குண்டு மிக வேகமாகப் பாய்ந்து உள்ளே தசையைக் கிழித்துச் சிதைக்கிறது. அம்புக்கு அந்த வேகம் கிடையாது. அம்பு வெட்டுகிறது, அவ்வளவுதான். நுரையீரலின் இரத்தக் குழாய்கள் அறுபட்டு இரத்தம் வேகமாக வெளியேறினால் மான் சில விநாடிகளில் நினைவிழந்து விழும்.

ரப்பர் மரம் சீவிய குடும்பங்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. விடியற்காலையில் கல்லில் தீட்டிய பால்வெட்டுக் கத்தி பட்டையை வழவழவென்று சீவினால் பால் தடையில்லாமல் வடியும். மழுங்கிய கத்தி பட்டையை நசுக்கும், பால் கொஞ்சம் வந்து உறைந்து நின்றுவிடும். இரத்தக் குழாயும் அப்படித்தான். கூரான அலகு அறுத்தால் இரத்தம் நிற்காது. மழுங்கிய அலகு பட்டால் குழாய் நசுங்கி ஒதுங்கும், இரத்தம் சீக்கிரம் உறையும். அப்படிக் காயம்பட்ட மான்தான் ஓடித் தொலைந்துபோகும்.

நம் நாட்டுப் பூர்வக்குடியினரின் ஊதுகுழல் அம்பைப் பார்த்தவர்கள் கேட்கலாம்: அது ஈர்க்குச்சி போல இருக்கிறதே, எப்படிக் குரங்கை வீழ்த்துகிறது? அங்கே வேலை செய்வது நுனியில் தடவிய ஈப்போ மரத்துப் பாலின் விஷம். ஈப்போ நகருக்கே அந்த மரத்தின் பெயர்தான். விஷம் இருந்தால் அம்பு லேசாக இருக்கலாம். விஷம் இல்லாத அம்பு தோல், சதை, விலா எலும்பு எல்லாவற்றையும் தாண்டி மறுபக்கம் வரை போயாக வேண்டும். மறுபக்கமும் துளை விழுந்தால் இரத்தத் தடம் நன்றாகத் தெரியும். அதற்குத்தான் எடை.

பவுன் கணக்கில் சொன்னால்

வில் கடைகளில் எடையைக் கிரேன் என்ற அளவில் சொல்வார்கள். ஒரு கிராம் என்பது 15.4 கிரேன். நம் வீட்டுக் கணக்குக்குக் கொண்டுவந்தால் இன்னும் எளிது: ஒரு பவுன் 8 கிராம், அதாவது ஏறக்குறைய 123 கிரேன். கடையில் 125 கிரேன் முனை என்று விற்பது ஒரு பவுன் கனம். 100 கிரேன் முனை ஆறரை கிராம்.

விக்டோரியாவின் விதி, கடமான், ரூசா, சிவப்பு மான் போன்ற பெரிய மான்களுக்கு வில்லின் இழுவிசை குறைந்தது 22.5 கிலோ (50 பவுண்டு) இருக்க வேண்டும் என்கிறது. அம்பும் முனையும் சேர்ந்து 26 கிராமுக்கு (400 கிரேன்) குறையக்கூடாது. முனையில் தீட்டிய அலகு இரண்டாவது இருக்க வேண்டும். புள்ளிமான் போன்ற சிறிய மான்களுக்கு 20.5 கிலோ (45 பவுண்டு) இழுவிசை, 22.6 கிராம் (350 கிரேன்) அம்பு. பவுனில் சொன்னால் கடமானுக்கு மூன்றேகால் பவுன், புள்ளிமானுக்கு மூன்று பவுனுக்குச் சற்றுக் குறைவு. விதிகள் அவ்வப்போது புதுப்பிக்கப்படும், மாநிலத்துக்கு மாநிலம் மாறும். போகுமுன் அந்த மாநிலத்து வேட்டை நிர்வாக அமைப்பின் பக்கத்தைப் பார்த்துவிடுங்கள்.

கடையில் வாங்கும் சாதாரணக் கார்பன் அம்பு இந்தக் கணக்கில் எங்கே நிற்கிறது என்று பார்ப்போம். தண்டு ஓர் அங்குலத்துக்கு 9 கிரேன், நீளம் 28 அங்குலம் என்றால் 252 கிரேன். தண்டின் நுனிக்குள் பொருத்தும் அலுமினியக் குழல் 25. மூன்று இறகும் பசையும் 20. நாணில் மாட்டும் பின்முனை 10. இதில் 100 கிரேன் வெட்டுமுனையைத் திருகினால் மொத்தம் 407. சட்டத்தை மயிரிழையில் தாண்டுகிறது. ஆனால் நம்மில் பலருக்குக் கை நீளம் குறைவு. அம்பை ஓர் அங்குலம் வெட்டச் சொல்வோம். உடனே 398 ஆகிவிடும். கடைக்காரர் நல்ல அம்பு என்றுதான் கொடுத்தார், ஆனால் காட்டில் அதிகாரி நிறுத்து வைத்தால் நீங்கள் சட்டத்தை மீறியவர்.

அதே தண்டில் அலுமினியத்துக்குப் பதில் 50 கிரேன் பித்தளைக் குழலும் 125 கிரேன் முனையும் போட்டால் 457. அங்குலத்துக்கு 10.5 கிரேன் உள்ள கனத்த தண்டு, 75 கிரேன் குழல், 150 கிரேன் முனை என்றால் 549. எனக்குக் கேட்டால் 50 முதல் 60 பவுண்டு வில் வைத்திருப்பவர் கடமானுக்கு 450க்கும் 550க்கும் இடையே நிற்பதே நல்லது. 400 என்பது சட்டம் போட்ட அடிக்கோடு. அதையே இலக்காக வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

எடை பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். நகை நிறுக்கும் சின்ன மின்தராசு போதும். முனை, குழல், இறகு எல்லாம் பொருத்திய பிறகு ஒவ்வோர் அம்பையும் தனித்தனியே நிறுங்கள். ஒரே பெட்டியில் வந்த அம்புகளே கொஞ்சம் கூடக்குறைய இருக்கும். 5 கிரேனுக்கு மேல் விலகி நிற்பதைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடலாம்.

இழுவிசையிலும் இதே மாதிரி ஒரு பொறி இருக்கிறது. ரிகர்வ் வில்லில் 50 பவுண்டு என்று எழுதியிருப்பது 28 அங்குலம் இழுத்தால் கிடைக்கும் விசை. நீங்கள் 26 அங்குலம்தான் இழுப்பீர்கள் என்றால் அங்குலத்துக்கு இரண்டு, இரண்டரை பவுண்டு குறைந்து 45 பக்கம் வந்துவிடும். வில்லை ஒரு கொக்கித் தராசில் மாட்டி, உங்கள் இழுப்பு அளவுக்கு இழுத்துப் பார்ப்பதுதான் சரியான வழி.

வேகமா, கனமா?

இளைஞர்கள் விரும்புவது வேகத்தை. வில் கம்பெனிகளும் வேகத்தைத்தான் விளம்பரப்படுத்துகின்றன. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு காம்பவுண்ட் வில் 350 கிரேன் அம்பை விநாடிக்கு 290 அடி வேகத்தில் எய்கிறது, அதே வில் 500 கிரேன் அம்பை 248 அடி வேகத்தில் எய்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆற்றல் இரண்டிலும் ஏறக்குறைய ஒன்றுதான், கனத்த அம்பில் 4 சதவிகிதம் கூடுதல். ஆனால் எடையையும் வேகத்தையும் பெருக்கி வரும் உந்தம், கனத்த அம்பில் 22 சதவிகிதம் அதிகம். தடை வந்தாலும் நிற்காமல் தள்ளிக்கொண்டு போகும் தன்மை அந்த உந்தத்தில் இருக்கிறது. காலி லாரியும் சுமை ஏற்றிய லாரியும் ஒரே மேட்டில் பிரேக் போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வித்தியாசம், லேசான அம்பு கொண்டுபோகும் ஆற்றலில் குறையும் மிச்சம் வில்லிலேயே அதிர்வாகவும் சத்தமாகவும் தங்கிவிடுகிறது. மானுக்குக் காது கூர்மை. ஒலி விநாடிக்கு 340 மீட்டர் போகும். 25 மீட்டர் தூரத்தில் நிற்கும் மானுக்கு நாண் சத்தம் 0.07 விநாடியில் கேட்டுவிடும். மேலே சொன்ன வேகமான அம்பு போய்ச் சேர 0.28 விநாடி, கனத்த அம்புக்கு 0.33. எந்த அம்பும் சத்தத்தை முந்தப்போவதில்லை. அப்படியென்றால் சத்தம் குறைந்த அம்பே நமக்கு ஆதாயம்.

கனத்த அம்பு சீக்கிரம் தாழும் என்பது உண்மை. 20 மீட்டரில் இரண்டுக்கும் வித்தியாசம் சுமார் 9 சென்டிமீட்டர்தான். வில்லின் குறிகாட்டியை அதற்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். 40 மீட்டரில் அது 35 சென்டிமீட்டரைத் தாண்டிவிடும். தூரத்தைக் கொஞ்சம் தப்பாகக் கணித்தாலும் அம்பு வயிற்றிலோ காலிலோ போய்ப் படும். அதனால்தான் கனத்த அம்புக்காரர்கள் 20, 25 மீட்டருக்குள் மான் வரும்வரை பொறுத்திருப்பார்கள். பொறுமை இல்லாதவருக்குத் துப்பாக்கிதான் சரி.

எலும்பில் பட்டால் என்ன செய்வது என்பதை நீண்ட காலம் ஆராய்ந்தவர் அமெரிக்கரான டாக்டர் எட் ஆஷ்பி. ஆப்பிரிக்காவிலும் பிறகு ஆஸ்திரேலிய எருமைகளிலும் அவர் செய்த சோதனைகளின்படி, கனத்த எலும்பை உடைத்து உள்ளே போக அம்பு 650 கிரேனாவது இருக்க வேண்டும். எல்லா வேட்டைக்காரர்களும் இதை ஏற்பதில்லை. கடமானின் தோள்பட்டை எலும்பைக் குறிவைப்பதே தவறு என்பதால், இந்தக் கனம் எல்லோருக்கும் தேவை என்று நானும் சொல்லமாட்டேன். ஆனால் அம்பு முறியக்கூடாது, முனை வளையக்கூடாது, அதற்குப் பிறகுதான் எடை என்று அவர் வைத்த வரிசையை மறுப்பது கஷ்டம்.

கனமான முனையைப் போட்டால் தண்டையும் மாற்ற வேண்டி வரும். நாண் தள்ளும்போது தண்டு சற்று வளைந்து நெளிந்துதான் கிளம்பும். முன்னால் பாரம் கூடினால் அந்த வளைவும் கூடும், அம்பு ஆடிக்கொண்டே போகும். தண்டில் 300, 340, 400, 500 என்று எண் போட்டிருப்பார்கள். அந்த எண் பெரிதானால் தண்டு பலமானது என்று நினைத்துவிடாதீர்கள், நேர் எதிர். 28 அங்குல இடைவெளியில் தாங்கி, நடுவில் 880 கிராம் எடையைத் தொங்கவிட்டால் தண்டு எவ்வளவு தொய்கிறது என்பதன் அளவு அது. 500 என்றால் அரை அங்குலம் தொய்யும். 340 அதைவிட விறைப்பு. முனையில் ஒரு பவுனுக்கு மேல் வைக்கிறவர் ஒரு படி விறைப்பான தண்டுக்குப் போக வேண்டும். சந்தேகமிருந்தால் சில மீட்டர் தூரத்தில் ஒரு தாளைக் கட்டி இறகில்லாத அம்பை அதன் வழியே எய்யுங்கள். துளை உருண்டையாக இருந்தால் சரி, பக்கவாட்டில் கிழிந்தால் சரியில்லை.

பாரம் முன்பக்கம் எவ்வளவு என்பதற்கும் ஒரு சின்னக் கணக்கு. அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். 72 சென்டிமீட்டர் அம்பில் அந்தப் புள்ளி நடுவிலிருந்து 9 சென்டிமீட்டர் முன்னால் இருந்தால் 12.5 சதவிகிதம். வேட்டை அம்புக்கு 10 முதல் 15 வரை வழக்கம்.

எந்த வெட்டுமுனை?

கடையில் இரண்டு வகை காட்டுவார்கள். ஒன்று அலகு நிலையாக நிற்பது. மற்றது பறக்கும்போது மடங்கியிருந்து, பட்டவுடன் விரிவது. விரியும் முனை அகலமாக வெட்டும், ஆனால் விரிவதற்கே அம்பின் விசையில் கொஞ்சம் செலவாகும், கோணலாகப் பட்டால் வழுக்கவும் செய்யும். 70 பவுண்டு வில்காரருக்கு அது தாங்கும். 50 பவுண்டு வில்லோடு கடமானுக்குப் போகிறவர் நிலையான அலகையே எடுக்கட்டும். இரண்டலகு முனை ஆழமாகப் போகும். மூன்றலகு அகன்ற காயம் தரும், ஆழம் சற்றுக் குறையும். அகலம் ஓர் அங்குலத்திலிருந்து ஒன்றேகால் வரை இருந்தால் போதும்.

புதிதாகப் பெட்டியிலிருந்து எடுத்த முனை கூராகத்தான் இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. ஒரு ரப்பர் வளையத்தை லேசாக இழுத்துப் பிடித்து அலகை அதன்மேல் வையுங்கள். தொட்டவுடன் அறுபட வேண்டும். அழுத்தினால்தான் அறுகிறது என்றால் கல்லை எடுத்துத் தீட்டுங்கள். மண்ணில் பட்ட முனையைத் தீட்டாமல் திரும்ப எய்வது, நேற்றைய கத்தியோடு இன்றைய மரத்துக்குப் போவது போலத்தான்.

பயிற்சி முனையில் குறி சரியாக வந்தது என்பதால் வெட்டுமுனையும் அதே இடத்தில் போய்ப் படும் என்று உத்தரவாதம் இல்லை. அலகுகள் காற்றைப் பிடிக்கும். வேட்டைக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, உண்மையான எடையுள்ள வெட்டுமுனையோடு எய்து பாருங்கள். 20 மீட்டரில் ஐந்து அம்பும் ஒரு சாப்பாட்டுத் தட்டின் அளவுக்குள் விழாவிட்டால் அந்தப் பருவம் போக வேண்டாம்.

எய்யும் நேரத்தில் மான் பக்கவாட்டில் நிற்க வேண்டும், அல்லது நம்மை விட்டு விலகிச் சற்றுச் சாய்ந்து நிற்க வேண்டும். குறி முன்காலுக்குச் சற்றுப் பின்னால், உடம்பின் கீழ்ப்பாதியில். நேருக்கு நேர் பார்த்து நிற்கும் மானை விட்டுவிடுங்கள். எய்ததும் ஓடிப்போய்த் தேடாதீர்கள். குறைந்தது அரைமணி நேரம் உட்காருங்கள். பிறகு அம்பை எடுத்துப் பார்த்தால் கதை தெரியும். நுரை கலந்த இளஞ்சிவப்பு இரத்தம் நுரையீரல், மான் பக்கத்திலேயே கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல், இன்னும் சில மணி நேரம் காத்திருக்க வேண்டும். பச்சையாகக் குழம்பு போல ஒட்டியிருந்து நாற்றம் அடித்தால் குடல். அப்போது ஆறு மணி நேரத்துக்குக் குறையாமல் விட்டு, பிறகு மெதுவாகத் தடம் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டுத் துரத்தினால் படுத்த மான் எழுந்து ஓடும், அப்புறம் கிடைக்காது.

இங்கிருந்தே அம்பு கொண்டுபோகிறவர்கள் அதைக் கைப்பையில் வைக்க முடியாது, விமானத்தின் சரக்குப் பெட்டியில்தான் போட வேண்டும். வெட்டுமுனைகளைக் கழற்றித் தனி டப்பாவில் மூடி வையுங்கள், பெட்டியைச் சோதிக்கிற அதிகாரி கை அறுபட்டுப் போகும். வில்லுக்கும் முனைக்கும் விமான நிறுவனத்திடமும் அந்த நாட்டுச் சுங்கத்திடமும் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். மரத் தண்டும் பறவை இறகும் உள்ள அம்புகளை ஆஸ்திரேலியாவில் இறங்கும்போது அறிவிப்பு அட்டையில் கட்டாயம் எழுத வேண்டும். தோட்டத்து மண் ஒட்டிய காலணியும் அப்படித்தான். கார்பன் தண்டு, பிளாஸ்டிக் இறகு, கழுவிய காலணி என்று போனால் கவுண்டரில் நிற்கும் நேரம் மிச்சம்.